‘இருபது வருடமாக என் அண்ணனை நான் பார்க்கவே இல்லை’

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

எனக்கு வயது 38. நல்ல வேலை, கணவர், ஒரு மகள். கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், என்னைவிட 6 வயது மூத்தவர். தனியாகத்தான் இருக்கிறார், சின்ன வேலை, அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ‘அவன் அப்படித்தான்’ என்று ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிடுவார்கள், நானும் அப்படியே முடித்துவிட்டேன்.

நான்கு மாதத்துக்கு முன் எனக்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. 19 நாள் மருத்துவமனையில் இருந்தேன். என் போனில் 600 பேருடைய எண்கள் இருக்கின்றன, அவர்களிடமிருந்து வந்ததெல்லாம் ‘சீக்கிரம் குணமாகுங்கள்’ என்ற செய்திதான். மகளையும் வேலையையும் பார்த்துக்கொண்டு கணவரால் முடிந்தபோது வந்தார். அண்ணன் தினமும் வந்தார். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் படாதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டு, மறைத்துக்கொண்டு உட்காருவார். மருந்து நேரங்களை ஒரு காகிதத்தில் கோடு போட்டு எழுதி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு வந்தார். பக்கத்துப் படுக்கையில் இருந்த பாட்டி, ‘உங்க அண்ணன் இன்னைக்கு எப்ப வருவார்?’ என்று என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். வீடு திரும்பிய பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது நாள், இரவு 2 மணி மருந்துக்கு எதிரேயும் அவருடைய டிக் இருக்கிறது. இரவில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இத்தனை வருடம் இவரை எப்படிக் கவனிக்காமல் போனேன்? அவருக்குள் இன்னும் என்னென்ன திறமை ஒளிந்திருக்கிறதோ, அதைக் கண்டுபிடித்து அவரை முன்னுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறேன், எப்படிச் செய்வது? போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. ‘இத்தனை வருஷம் கழிச்சு இப்பப் போய் பாசம் காட்டினா நடிப்பு மாதிரி இருக்கும்’ என்கிறார் கணவர். அது உண்மையா?

ஆலோசகர் பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் அந்த 2 மணி டிக் வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு நீங்கள் இடறி விழக்கூடிய இடம் அதுதான். அவருக்குள் ஒரு திறமை ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுத்து அவரை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ‘சின்ன வேலை, அதிகம் பேசமாட்டார்’ என்று அவரை இத்தனை நாள் எந்தக் கோலால் அளந்தீர்களோ அதே கோலைத்தான் இப்போதும் கையில் வைத்திருக்கிறீர்கள், என்ன, இந்த முறை அவருக்குக் கொஞ்சம் அதிக மதிப்பெண் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நாளைக்கே அவர் நன்றாகப் படம் வரைவார் என்று தெரியவந்தால் ‘அட, நம் அண்ணன் சாதாரண ஆள் இல்லை’ என்று மகிழ்வீர்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்? ஆறு மாதம் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மறுபடி ‘அவர் அப்படித்தான்’ என்ற இடத்துக்கே போய்விடுவீர்களா?

நீங்கள் தேடுகிற பொருளை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, அவராகக் கவனித்தார். அதைச் சரிசெய்தது எப்படி, திரை போடச் சொல்லி யாரையும் கூப்பிடாமல், தன் உடம்பையே திரையாக வைத்து உட்கார்ந்தார். வலியில் இருக்கிற ஒரு ஆளிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டுத் தொந்தரவு செய்யாமல் அவருக்கு வேண்டியதைக் கண்டுகொள்வது எவ்வளவு அரிய குணம் என்பதை, நோயாளிகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் நிறைய நேரம் கழித்தவள் என்ற முறையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பாட்டிக்கு அது மூன்று நாளில் தெரிந்துவிட்டது. அவருக்கு உங்கள் அண்ணனின் சம்பளமும் தெரியாது, பள்ளி மதிப்பெண்ணும் தெரியாது, ‘அவன் அப்படித்தான்’ என்று யாரும் காதில் ஓதவும் இல்லை. அதனால் எதிரே இருந்த மனிதரை மட்டும் பார்த்தார்.

இதுவே உங்கள் முதல் கேள்விக்கும் பாதி பதில்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். 1946-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்கள்: அறிவாளி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இதே வரிசையில் படித்துக் காட்டினார், இன்னொரு குழுவுக்குப் பொறாமையில் தொடங்கி அறிவில் முடியும்படி தலைகீழாகப் படித்தார். அதே ஆறு சொற்கள்தான், ஆனால் ‘அறிவாளி’ என்று முதலில் கேட்டவர்கள் அவரைச் சில குறைகள் உள்ள திறமைசாலியாகப் பார்த்தார்கள், ‘பொறாமைக்காரர்’ என்று முதலில் கேட்டவர்களுக்கு அவர் சிக்கலான ஆளாகத் தெரிந்தார். முதலில் விழுந்த சொல் பின்னால் வரும் எல்லாச் சொல்லுக்கும் சாயம் ஏற்றிவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிச் சில நொடிகள் கேட்டதற்கே இப்படியென்றால், நினைவு தெரிந்த நாளிலிருந்து தினமும் உங்கள் காதில் விழுந்த ஒரு வாக்கியம் என்ன செய்திருக்கும்? குழந்தையாக இருந்தபோது ஒப்படைக்கப்பட்ட ஒரு முடிவை நீங்கள் திறந்து பார்க்காமல் அப்படியே வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

எனக்கும் இது நடந்திருக்கிறது, அதுவும் மனிதர்களைக் கவனிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு. வேலைக்கு வந்த தொடக்க காலத்தில் பதின்ம வயது மகளை அழைத்துக்கொண்டு ஒரு தந்தை வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறேன்). மகள் பேசப் பேச அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘தந்தைக்கு ஈடுபாடு இல்லை’ என்று முதல் நாளே குறிப்பில் எழுதிவிட்டேன். நான்காவது சந்திப்பில்தான் தெரிந்தது, எனக்கு அடுத்த ஆள் காத்திருப்பதால் நான் பேச்சைச் சீக்கிரம் முடித்து மகளுக்கு உரிய முழு நேரத்தைக் குறைத்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் அவர் நிமிடங்களை எண்ணியிருக்கிறார். இங்கே வருவதற்காக ஒவ்வொரு வாரமும் இரவு வேலையை மாற்றிக்கொண்டு தூங்காமல் வந்திருக்கிறார். அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன், ஆனால் நடுவில் போன மூன்று சந்திப்புகளில் அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. ஈடுபாடு இல்லாதவர் என்று நினைத்ததால் கேட்கவில்லை, கேட்காததால் அவர் பேசவில்லை, பேசாததால் என் குறிப்பு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் நடந்ததும் இந்தச் சுற்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. ஒரு தொடக்கப்பள்ளியில் சில குழந்தைகளைக் குறிப்பிட்டு ‘இவர்கள் இந்த வருடம் நன்றாக மேலே வருவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள். வருடக் கடைசியில் சின்ன வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் நிறைய வாதம் நடந்தது, முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதாக இருக்காது என்பதுதான் பலருடைய கருத்து. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அது நடக்கும் விதம் பற்றி ரோசென்தால் பின்னாளில் சொன்னது. நம்பிக்கை வைத்த குழந்தையிடம் ஆசிரியர் முகம் இன்னும் கனிவாக இருக்கிறது, அதிகமாகச் சொல்லித் தருகிறார், பதில் சொல்ல அதிக வாய்ப்பு தருகிறார், பதிலுக்கு என்ன குறை என்ன நிறை என்று விளக்குகிறார். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். உங்கள் வீட்டில் அண்ணன் பதில் சொல்லும் வரை யாராவது காத்திருந்தார்களா? அவர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் நன்றாகப் பேசத் தெரிந்த தங்கை மீதியை முடித்துவிட்டாரா? குற்றம் சாட்டக் கேட்கவில்லை, உங்களுக்கு நினைவிருக்கலாம் என்பதால் கேட்கிறேன்.

அப்புறம், அவர் எல்லா இடத்திலும் பேசாதவர் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? அந்தப் பாட்டி அவருக்காகக் காத்திருந்தாரே, மௌனத்துக்காகவா காத்திருந்தார்? அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒருவர் நம்மிடம் இருக்கும் விதத்தையே அவருடைய குணம் என்று எடுத்துக்கொள்வது நாம் எல்லோரும் செய்யும் தப்பு. அவர் உங்களிடம் பேசாதவர், அது வரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும்.

சரி, குற்ற உணர்வு. கடிதம் முழுக்க அது இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அதைக் கொண்டுபோய் அவர் மடியில் கொட்டாதீர்கள். ‘இருபது வருஷம் உன்னைக் கண்டுக்கவே இல்லைண்ணா, என்னை மன்னிச்சிடு’ என்று அழுதால் உங்களுக்குப் பாரம் இறங்கும், ஆனால் அவர் என்ன செய்வார்? உங்கள் கடிதத்தை வைத்து எனக்கு உங்களைவிட அவரைத்தான் இன்னும் நன்றாகத் தெரிகிறது, ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று உங்களைத் தேற்றுவார். மறுபடி பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கே போய்விடும். என்றாவது ஒரு நாள் அந்தப் பேச்சு வரும், வரும்போது வரட்டும்.

நன்றி சொல்வது வேறு, அதை உடனே சொல்லுங்கள். நடிப்பு மாதிரி இருக்குமோ என்ற உங்கள் கணவரின் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது பெரும்பாலும் பொய்த்துப்போகும் பயம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் இதையே சோதித்து எழுதினார்கள். தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் படிக்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள், பிறகு பெற்றவர்களிடமும் கேட்டார்கள். பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அவர்களுக்குச் சங்கடம் இல்லை. மகிழ்ச்சியோ நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தது. எழுதுகிறவர் ‘சரியான வார்த்தை வருமா’ என்று தவிக்கிறார், பெறுகிறவர் அதில் உள்ள அன்பைப் பார்க்கிறார். ஆகவே அழகாகச் சொல்ல முயலாதீர்கள், குறிப்பாகச் சொல்லுங்கள். ‘எல்லாத்துக்கும் நன்றிண்ணா’ என்பது யாருக்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. ‘அந்த ஜன்னல் வெளிச்சத்தை நீ மறைச்சுக்கிட்டு உட்கார்ந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா’ என்பது அவருக்கு மட்டுமே சொல்லக்கூடியது. தான் செய்ததை ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியட்டும், வாழ்நாளில் அவருக்கு அது அதிகம் கிடைத்திருக்காது.

இனி அந்த இரண்டு நிமிட போன். போனைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். முகம் பார்த்துக் கேள்வி கேட்டால் சுருங்கிக்கொள்கிற சிலர், பக்கத்தில் உட்கார்ந்து கை ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது தானாகப் பேசுவார்கள். பழைய பொருள்களைப் பிரித்து அடுக்குவது, எதையாவது பழுது பார்ப்பது, ஒன்றாக நடப்பது என்று எதுவாக இருந்தாலும் சரி. ‘எப்படி இருக்கீங்க, வேலை எப்படிப் போகுது’ என்ற கேள்விகளுக்கு ‘ம், நல்லாப் போகுது’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது, அதனால்தான் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. சின்னதாக, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம் காத்திருங்கள். அவருடைய மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், நீங்களே அதை நிரப்ப வாய் துடிக்கும், தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

அவர் பக்கத்திலிருந்து வரும் சின்ன அழைப்புகளையும் கவனியுங்கள். திருமண உறவுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், புதிதாக மணமானவர்கள் இயல்பாகப் பேசிப் பழகுவதைப் பதிவு செய்து, ஆறு வருடம் கழித்து அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். ‘அங்க பாரு, அந்தப் பறவையை’ என்பது போல ஒருவர் போடும் சின்னப் பேச்சு உண்மையில் ‘என் பக்கம் கொஞ்சம் திரும்பு’ என்ற அழைப்பு. ஆறு வருடம் கழித்தும் சேர்ந்திருந்த தம்பதிகள் அத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அது கணவன் மனைவி பற்றியது என்றாலும், அண்ணன் தங்கைக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். உங்கள் அண்ணனைப் போன்றவர்களின் அழைப்பு இன்னும் மெல்லியதாக இருக்கும். ‘வண்டியில காத்து கம்மியா இருக்கு போல’ என்பார், அல்லது உங்கள் மகளின் உடைந்த பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இத்தனை வருடம் இவற்றில் எத்தனை உங்களைக் கடந்து போயிருக்கும் என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள், அடுத்தது வரும்போது திரும்புங்கள், போதும்.

நேரம் ஆகும். அறிமுகமானவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் வெளியான ஆய்வில் கணக்கிட்டார். உங்களுக்கும் அண்ணனுக்கும் பொதுவான சிறுவயது இருக்கிறது, ஆனால் வளர்ந்த இரண்டு பேராக நீங்கள் இப்போதுதான் அறிமுகமாகிறீர்கள், அந்த 19 நாளை வேண்டுமானால் முன்பணமாக வைத்துக்கொள்ளலாம். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லை’ என்று எனக்கு எழுதாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்களை அவருக்கு எவ்வளவு தெரியும்? நல்ல வேலை, நல்ல குடும்பம், எல்லாம் சரியாக நடக்கும் தங்கை, இதுதானே அவருக்குத் தெரிந்த நீங்கள். அவரைப் பற்றி வீட்டில் ஒரு வாக்கியம் இருந்தது போல உங்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருந்திருக்கும், ‘அவளுக்கென்ன’ என்று. அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு எவ்வளவு பயந்தீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா? இப்போதும் அந்த வலி மறுபடி வந்துவிடுமோ என்று பயம் இருந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் அவரைத் தெரிந்துகொள்ளப் போனால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும், உங்களையும் அவர் தெரிந்துகொள்ள விட்டால்தான் அதற்குப் பெயர் உறவு. அவரிடம் உதவியும் கேளுங்கள், தயங்காமல். உடல் தேறிவிட்டதால் இனி அவர் தேவையில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடக்கூடாது.

600 எண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரிடமும் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் 1938-ல் தொடங்கிய ஒரு ஆய்வு, ஹார்வர்ட் மாணவர்கள் 268 பேரையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர்கள் 456 பேரையும் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்தது. 50 வயதில் தன் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள், கொழுப்பு அளவை வைத்துச் சொல்வதைவிட அதை வைத்து நன்றாகச் சொல்ல முடிந்தது என்கிறார் அதை நடத்திவரும் ராபர்ட் வால்டிங்கர். எண்ணிக்கை பெரிய விஷயமே இல்லை, நடுராத்திரியில் கூப்பிட யாராவது இருக்கிறார்களா என்பதுதான் விஷயம். உங்களுக்கு இருக்கிறார். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், உங்கள் கேள்விகளிலேயே பெரிய கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சொல்வது கவனிக்கப்படாமல் போன நல்லவர்களைப் பற்றி. அடிக்கிற, அவமானப்படுத்துகிற ஒருவருக்குள் ஒளிந்திருக்கும் நல்லதைத் தேடி யாரும் அங்கேயே இருந்துகொண்டிருக்க வேண்டாம்.

உங்களுக்கு வருகிறேன். இந்த வார விடுமுறையில் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அவர் இங்கே வந்தால் உங்கள் வீட்டில் அவர் விருந்தாளி, அங்கே போனால் நீங்கள் அவர் இடத்தில் இருப்பீர்கள், எது எங்கே இருக்கிறது, எதை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்ப்பீர்கள். மருந்து எழுதிய அந்தக் காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். முதல் கேள்வி என்ன கேட்பது என்று நான் யோசிக்கவே தேவையில்லாதபடி நீங்களே கையில் வைத்திருக்கிறீர்கள். ஆறாவது நாள், இரவு 2 மணி. அந்த டிக்கின் மேல் விரலை வைத்து, ‘இது எப்பண்ணா?’ என்று மட்டும் கேளுங்கள்.